தெரு மணந்தது, குடம் மணக்கவில்லை

நன்று பெருகுக. ஒரே ஒரு முறை மூக்கால் இழுத்து உள்வாங்கும் மணத்தின் விலை இது: கணவாய் ஒன்று, குளிர்காலம் நான்கு, பூக்கூடை பதினொன்று, ஓயாமல் பேசிப் பழகிய ஒருவனின் வாய்ப்பேச்சு முழுவதும். குறைத்துக் கேட்டுப் பார்த்தேன். குறையவில்லை.

மூன்று துறைக்கும் ஒரு குடையார், உப்பும் முத்தும் ஒரே கரையில் விளையக் கண்டார், அலை ஓய்ந்தாலும் ஆணை ஓயாதார், முத்துறை நாட்டுப் பேரரசி ஆழிநங்கையார் திருமுன்பு, பனிக்குடுமி நாட்டில் தூதிருக்கும் அடியேன் வெண்கோடன், கடைத்தெரு மாநாகன் மகன், நிலம் தொட்டு வணங்கி வரையும் ஓலை. அங்கே கோட்டையும் குடியும் கோலும் வழுவாது வாழ்க. மரக்கலங்கள் போன திசையிலிருந்து மீள்க. உப்பளங்களில் மழை பெய்யாதிருக்க, வயல்களில் பெய்க. இங்கே அடியேன் உளேன். நலமாய் உளேன் என்று எழுதுவது ஓலை மரபு. மரபில் பாதியைக் காத்திருக்கிறேன்.

தேவரீர் ஐப்பசித் திங்களில் விடுத்த ஓலை, கணவாய்க் காவலர் கயிற்றில் கட்டி இறக்கும் கூடை வழியாக என் கைக்கு வந்தது. இந்த மார்கழியிலும் என் குடம் ஏற்கப்படாது போனால், பங்குனி வெயில் பனியை இளக்கியதும் படைத்தலைவர் ஏனாதி வயவனார் மூவாயிரம் வேலோடு ஊசிக்கணவாய்க்குள் நுழைவார் என்றும், அதன்பின் தூது என்பது தேவையற்ற செலவு என்றும் எழுதியிருந்தீர். ஏற்கப்பட்டதா இல்லையா என்பது இந்த ஓலையின் பின்பகுதியில் உள்ளது. ஏனாதியார் எந்த ஓலையையும் கடைசி அடியிலிருந்து படிப்பவர். ஆகவே தேவரீர் படித்து முடிக்கும் வரை அவர் கையில் இதைத் தராதிருக்க வேண்டுகிறேன். சரக்கைப் பிரித்துக் காட்டும் முன் விலையைச் சொன்னால் வாங்குபவர் சரக்கைப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் இது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

நடந்ததைத் தேவரீர் அறிவீர். ஓலை கேட்கும் அவையில் அறியாதாரும் இருப்பர். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் இங்கு வந்த நம் பழைய தூதர், இந்நாட்டு மன்னர் உறைபனிவேள் தம் கையாலே வடித்துத் தம் கையாலே வார்த்துக் கொடுத்த வாற்கோதுமைத் தேறலை, வழிப்போக்கர் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிப்பது போல அண்ணாந்து ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு, புறங்கையால் வாயைத் துடைத்தார். முகரவில்லை. இந்நாட்டில் இது வார்த்தவர் முகத்தில் உமிழ்வதற்கு ஒப்பு. அன்றே கணவாயின் கதவு சாத்தப்பட்டது. அங்கே நம் உப்பு மேடுகள் வாங்குவாரின்றி மழையில் கரைந்தன. இங்கே இவர்கள் உப்பில்லாத கஞ்சியைக் குடித்து முகம் சுளித்தார்கள். இரு புறமும் நட்டம். ஒரு புறமும் இறங்கி வரவில்லை.

கதவைத் திறக்க வேள் வைத்த நிபந்தனை ஒன்றே. கடல்நாட்டார் ஒருவர் இங்கே வந்து, தமக்கென ஒரு வீட்டில் இருந்து, தம் கையால் தேறல் வடித்து, அதில் கூம்புப்பூவின் மணத்தை நிறுத்திக் காட்ட வேண்டும். முகரத் தெரியாத நாட்டார்க்கு முகர வைக்கும் வேலையைக் கொடுத்த அந்த மன்னர், கடைத்தெருவில் பிறந்திருந்தால் என் தந்தையின் கடையை ஓராண்டில் மூட வைத்திருப்பார்.

கூம்புப்பூவைத் தேவரீர் கண்டதில்லை. கழியைச் சுற்றிக்கொண்டு மூன்று ஆள் உயரம் ஏறும் கொடி. அதில் கட்டைவிரல் அளவில், பச்சைச் செதில்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியது போன்ற கூம்புகள் தொங்கும். செதிலை விலக்கினால் அடியில் மஞ்சள் பொடி விரலில் பிசுபிசுக்கும். அந்தப் பொடியில் கசப்பும் மணமும், ஒரே வீட்டில் பேச்சில்லாமல் குடியிருக்கும் அண்ணன் தம்பி போல, சேர்ந்தே இருக்கின்றன. மணம் எப்படிப்பட்டது என்றால், எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய கையால் தேவதாருப் பட்டையை உரித்து, மழை நின்ற புல்லில் துடைத்தது போல. இதற்குமேல் சொல்லால் எழுத முடியாது. முடிந்திருந்தால் நான்கு ஆண்டுக்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டு ஊர் திரும்பியிருப்பேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். என் நான்கு ஆண்டும் அதற்குள்தான் கழிந்தன. இங்கே குடம் ஏற்கப்படாத வீட்டின் படியை எவரும் மிதியார். அந்த வீட்டாரும் பிறர் படியை மிதியார். வார்க்க ஒன்றும் இல்லாதவர் வீட்டுக்குள் நுழைந்து அவரை நாணச் செய்யலாகாது என்பது கருத்து. கருத்து மிக நல்லது. அந்த நல்ல கருத்துக்கு நடுவே தனியே அமர்ந்து கஞ்சி குடித்தவர்க்கே அதன் குளிர் தெரியும்.

மேற்றெருவில் எனக்கு ஒரு கல்வீடு தந்தார்கள். ஓர் அடுப்பு, ஒரு செப்பு அண்டா, ஒரு நிலவறை, இரண்டு மரக்கோப்பை. இரண்டு எதற்கு என்று கேட்டேன். ஒன்று உமக்கு, ஒன்று வருவோர்க்கு என்றார்கள். வருவோர் கோப்பை கவிழ்ந்தே இருக்கும். வந்தவர் அதை நிமிர்த்திக் குடிப்பார். இனி வரப்போவதில்லை என்றால் கவிழ்த்துவிட்டுப் போவார். வருவதாய் இருந்தால் நிமிர்த்தபடியே வைத்துவிட்டுப் போவார். அதை அவர் திரும்பி வரும்வரை கழுவலாகாது. சொல்லிவிட்டுப் போனார்கள். வருவோர் கோப்பையின் மேல் படிந்த தூசியை வாரம் ஒருமுறை துடைத்தேன். அதுதான் எனக்கு விருந்தோம்பல்.

பேரம் பேசாமல் ஒரு நாளும் உறங்கியறியாதவன் அடியேன். இங்கே விறகு, வாற்கோதுமை எல்லாம் சொன்ன விலைக்கே விற்கிறார்கள். குறைத்துக் கேட்டால் காது கேளாதவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். முதற் குளிர்காலத்து மாலைகளில், என் போர்வையை எனக்கே விற்றுப் பார்த்தேன். விற்பவனாக எட்டு என்றேன். வாங்குபவனாக மூன்று என்றேன். இரண்டு பேருக்கும் அடிவிலை தெரிந்திருந்தபடியால் சுவைக்கவில்லை.

முதலாண்டின் பிழை எளியது. முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றை அண்டாவில் ஏற்றி, மூன்று கூடைப் பூவையும் முதற்கொதியிலேயே கொட்டி, உச்சியிலிருந்து அந்தி வரை காய்ச்சினேன். சரக்கு கூடினால் மணம் கூடும், நேரம் கூடினால் இன்னும் கூடும் என்பது என் கணக்கு. மணம் தீயைக் கண்டால் புகைபோக்கி வழியே ஓடிவிடும், கசப்பு மட்டும் நெருப்புக்கு அஞ்சாமல் தங்கிவிடும் என்பது அன்று தெரியாது. மார்கழி முழுமதி நாளில் முகர்வோர் மூவர் வந்தார்கள்: ஒரு கொல்லர், ஒரு மருத்துவச்சி, பல் விழுந்த ஓர் ஆட்டிடையர். அவர்கள் மட்டும் படி ஏறலாம். ஆனால் குடிப்பதும் உட்காருவதும் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்வார்கள். பூ எந்தச் சரிவில் விளைந்தது என்று மணத்தாலே சொல்லிவிட்டால் குடம் ஏற்கப்பட்டது. மருத்துவச்சி என் கோப்பையை முகர்ந்துவிட்டு, இந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்றும் கேட்டாள். தொடட்டும் என்று ஒரு கணம் விரும்பினேன் என்பதைத் தேவரீரிடம் மறைக்கவில்லை. தொடாமலே போய்விட்டாள்.

இரண்டாமாண்டின் பிழை, மாநாகன் மகன் மட்டுமே செய்யக்கூடிய பிழை. இந்நாட்டில் விலை குறைக்கும் ஒரே பூக்காரனைத் தேடிக் கண்டுபிடித்தேன். நான்கு கூடை, இரண்டு கூடை விலைக்கு. அன்றிரவு வெற்றி வீரனைப் போல உறங்கினேன். அவன் ஏன் குறைத்தான் என்று அப்போது நினைக்கவில்லை. அவை முன்னாண்டுப் பூக்கள். வெயில் விழும் பரணில், காற்றாட, ஓராண்டு கிடந்தவை. பச்சை மங்கிப் பழுப்பேறியிருந்தன. இந்த முறை பாதியைக் கொதியின் கடைசியில் இட்டேன். வழி சரி, பூதான் பிணம். கொல்லர் முகர்ந்தார், ஆட்டிடையர் முகர்ந்தார், பிறகு இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். யார் செருப்பைக் கழற்றியது என்று ஆட்டிடையர் கேட்டார். ஒருவரும் கழற்றவில்லை. அன்றிலிருந்து ஒரு கூம்பை உள்ளங்கையில் வைத்து மறு உள்ளங்கையால் தேய்க்காமல், மஞ்சள் பிசுக்கு ஒட்டாமல், மணம் நெற்றிவரை ஏறாமல் பூ வாங்குவதில்லை. வாங்கியதைத் தோற்பையில் காற்றுப்போக அமுக்கிக் கட்டி, பனிக்குழிக்குள் இருட்டில் வைப்பேன். விலையும் குறைத்துக் கேட்பதில்லை. என் தந்தைக்கு இந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டாதிருக்க வேண்டுகிறேன்.

மூன்றாமாண்டில்தான் இமிலை இந்த ஓலைக்குள் வருகிறாள். அதற்கு முன்பே வேலிக்கு அப்பால் இருந்தாள். என் வயதினள், கணவனை இழந்தவள், பதினான்கு ஆடும் ஒரு கோடரியும் உடையவள். கதவு சாத்தப்பட்ட ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் அவள் தங்கையை நம் மேலைத்துறையில் ஒரு கயிறு திரிப்பவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதன்பின் அக்காளும் தங்கையும் பார்க்கவில்லை. கூடையில் இறங்கும் அரச ஓலைகளுக்கு இடையே குடிமக்கள் செய்திக்கு இடமில்லை. இதை அவள் குறையாகச் சொன்னதில்லை. என் குடம் தோற்ற ஒவ்வொரு மார்கழியிலும், வேலியில் கை வைத்து, உப்புக்காரரே, உம் கையில் இருப்பது விரல்களா விறகா என்று மட்டும் கேட்பாள். நான்கு ஆண்டில் என்னைத் தானாக அழைத்த குரல் அது ஒன்றே. ஏச்சாக இருந்தால் என்ன, அழைப்பு அழைப்புதான்.

அந்த ஆண்டு நல்ல பூ, இரண்டு கூடை. கசப்புக்குக் கைப்பிடி அளவு முதற்கொதியில். சுவைக்குக் கொஞ்சம் கடைசி அரை நாழிகையில். மற்றதைத் தீயை அணைத்த பிறகு. மீதி ஒரு பிடியைக் குடத்தில் புளிக்கவைக்கும் மண்டி சேர்த்து, நுரை பொங்கிக் குமுறிக்கொண்டிருந்த இரண்டாம் நாளே உள்ளே இட்டேன். தேவரீரே, அந்த மணம்! நிலவறையிலிருந்து படியேறி, வாசலைத் தாண்டி, தெரு முழுதும் நடந்தது. தண்ணீர் எடுக்கப் போவோர் என் வீட்டின் முன் நின்று மூச்சிழுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் கடைத்தெருவில் வாசலில் சாம்பிராணி போடுவது எதற்கு? தெரு மணந்தால் கடை ஓடும். ஆகவே வென்றுவிட்டேன் என்றே இருந்தேன். இமிலை வேலிக்கு வந்து, உப்புக்காரரே, என் ஆடுகள் மேயப் போகாமல் உம் சுவரில் மூக்கை வைத்து நிற்கின்றன. தெருவுக்கே இவ்வளவு அள்ளிக் கொடுக்கிறீரே, குடத்துக்கு ஏதாவது மிச்சம் உண்டா என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

நுரை அடங்கிய பிறகும் ஒரு செயலைச் செய்தேன். அதை எழுத வெட்கமாய் இருக்கிறது. மாலைதோறும் நிலவறைக்கு இறங்கிக் குடத்தின் மூடியைத் திறந்தேன். சரக்கைச் சோதிக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். திறந்ததும் ஒரு மணம் எழுந்து முகத்துக்கு வரும். யாரோ வீட்டுக்குள் வந்தது போல் இருக்கும். வருவோர் கோப்பையைக் குடத்தின் அருகே வைத்துவிட்டு, அந்த மணத்தோடு சிறிது நேரம் அமர்ந்திருப்பேன். அன்று சந்தையில் கண்டதை அதற்குச் சொல்லுவேன். பிறகு மூடுவேன். நாற்பது மாலை அவ்வாறு விருந்து வைத்தேன். விருந்தினரைக் கொஞ்சம் கொஞ்சமாய் வழியனுப்பிக்கொண்டிருந்தேன் என்பதை அறியவில்லை.

மார்கழியில் மூவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தார்கள். ஒருவர்க்கும் ஒரு சரிவும் தோன்றவில்லை. மருத்துவச்சி கட்டை அவிழ்த்துவிட்டு, ஆள் எழுந்து போன படுக்கை போல் இருக்கிறது. சூடு இருக்கிறது, ஆள் இல்லை என்றாள். அவர்கள் சென்றபின் வெகுநேரம் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இமிலை கேட்ட கேள்வி, ஆறு வாரம் கழித்து, என் காதுக்கு வந்து சேர்ந்தது. தெரு மணந்தது என்றால், தெருவில் இருந்தது குடத்தில் இல்லை. மூக்குக்கு எட்டிய ஒவ்வொரு மூச்சும் தேறலை விட்டுக் கிளம்பிய மூச்சு. மணக்கும் நிலவறை, தோற்றுக்கொண்டிருக்கும் நிலவறை. கடைத்தெருப் பாடம் இங்கே தலைகீழ்.

பிறகு தேவரீரின் ஐப்பசி ஓலை வந்தது. மூவாயிரம் வேல். ஊசிக்கணவாயைத் தேவரீர் பார்த்ததில்லை. இருவர் தோளோடு தோள் நடக்க முடியாது. மேலிருந்து இவர்கள் கல்லை உருட்டினால் போதும். முதல் ஆயிரவர் விழும்வரை பின்னால் வருவோர்க்கு முன்னே நடப்பது தெரியாது. மிஞ்சியவர் உள்ளே வந்தால், முதல் தெரு மேற்றெரு; முதல் வேலி இமிலையின் வேலி. ஓலையை மடித்துவிட்டுப் பூ வாங்கப் போனேன்.

நான்காமாண்டின் முறையை அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டி, முழுதும் எழுதுகிறேன். பூ இரண்டு கூடை. கிழக்குச் சரிவில், அங்குள்ள மாவு ஆலைக்கு மேலே விளைந்தது. மொத்தக் கொதி இரண்டரை நாழிகை. முதற்கொதியில் ஒரு பிடி மட்டும். அது கசப்புக்கு, கசப்பின்றேல் தேறல் பாயசமாகிவிடும். கடைசி அரை நாழிகையில் இரண்டு பிடி, அது நாவுக்கு. தீயை முற்றும் அணைத்து, ஆவி தணிந்து, விரலை விட்டால் சுட்டாலும் உடனே இழுக்கத் தோன்றாத பதம் வரும்வரை காத்திருந்து, அரைக் கூடை இட்டு, மூடியைச் சாத்தி, ஒரு நாழிகை ஊறவிட்டேன். பின் வடிகட்டி, விரைவாய் ஆறவைத்து, மண்டி சேர்த்தேன். நுரை பொங்கியபோது கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பொங்கும் நுரை உள்ளே இட்டதையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே போகும். எட்டாம் நாள் நுரை அடங்கி மண்டி அடியில் படிந்தபின், மிச்சமிருந்த பூவை மெல்லிய துணிப்பையில் கட்டி, மிதக்காதிருக்க ஆற்றுக்கல் ஒன்றை உள்ளே வைத்து, தேறலில் இறக்கினேன். மூன்று நாள். நான்காம் நாள் ஆனால் புல் மென்ற வாடை வரும். மூன்றாம் நாள் பையை எடுத்துவிட்டு, காற்றுக்கு ஓர் அங்குலமும் விடாமல் கழுத்து நிறையக் குடத்தில் வார்த்து, அரக்கும் மெழுகும் உருக்கி வாயை அடைத்தேன்.

இனி செய்ய வேண்டியது ஒன்றே: திறக்காதிருத்தல். அது என்னால் ஆகாது என்பதை என்னைவிட நன்றாய் அறிந்தவர் இல்லை. நிலவறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை வேலிக்கு மேலே நீட்டினேன். வேலிக்கு மேலே பொருள் போகலாம், ஆள்தான் போகலாகாது. இமிலை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உம் வீட்டைப் பூட்டி என்னிடம் தருகிறீரே, எந்தத் திருடனுக்கு அஞ்சுகிறீர் என்று கேட்டாள். அடியேனுக்கே என்றேன். அவள் சிரிக்கவில்லை. சாவியைக் கோடரிக் காம்பில் கட்டிக்கொண்டாள்.

அந்த இருபத்தேழு நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டு மணமாவது இருந்தது. இப்போது வீட்டில் கல்லும் நானும். மாலையில் கால்கள் தாமே நிலவறைப் படிக்குப் போகும். பூட்டைத் தொட்டுவிட்டு மேலே வரும். ஒரு நாள் பொறுக்காமல் வேலிக்குப் போய், சாவியை ஒரு நாழிகைக்கு மட்டும் தரும்படி கேட்டேன், தந்தால் ஓராட்டின் விலை என்றேன், இரண்டாடு என்றேன். நான்கு ஆண்டில் என்னோடு பேரம் பேச ஒருத்தியைக் கண்டேன் என்று மகிழ்ந்தால், அவள் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: உப்புக்காரரே, என் தங்கையின் முகத்துக்கு எத்தனை ஆடு? திரும்பி வந்து படுத்தேன்.

முழுமதி நாளுக்கு மூன்று நாள் முன் எனக்குச் சளி பிடித்தது. இரு நாசியும் சுவர் வைத்தது போல் அடைத்துக்கொண்டன. ஆவி பிடித்தேன், மிளகு தின்றேன், பயனில்லை. முழுமதி நாள் காலையில் இமிலை வேலிக்கு மேலே சாவியை நீட்டி, குடத்தை மேலே ஏற்றியதும் திரும்ப வாங்கிக்கொண்டாள். மூவரும் வந்து கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். இம்முறை வேளும் வாசலில் வந்து நின்றார். அரக்கை உடைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தைத் திறந்தது போல் இருந்தது. தோற்றேன் என்றே நினைத்து, படை வரும் வழியில் இருக்கும் வீடுகளை மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன்.

கொல்லர் முகர்ந்து, கிழக்குச் சரிவு என்றார். மருத்துவச்சி முகர்ந்து, கிழக்குச் சரிவு, ஆலைக்கு மேலே. பறிப்பதற்கு முந்தைய நாள் மழை பெய்திருக்கிறது என்றாள். பெய்திருந்தது. ஆட்டிடையர் முறை வந்தது. முகர்ந்தார்; வழக்கத்தை மீறிக் குடித்துவிட்டார்; பிறகு, கண்கட்டோடே, கோப்பையை என்னிடம் நீட்டி இன்னொன்று கேட்டார். வாசலில் வேள் சிரித்தார். நான் அவர்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன், செவிடன் கூத்துப் பார்ப்பது போல.

குடம் ஏற்கப்பட்டது. அன்றே கணவாயின் கதவு திறக்கப்பட்டது. இந்த இடத்தில் தேவரீர் ஓலையை ஏனாதியாரிடம் கொடுக்கலாம்.

பிறகு அவர்கள் வந்தார்கள். படியை மிதித்தார்கள். நாற்பத்தொரு பேர், வரிசையாய், ஒரே வருவோர் கோப்பையில், முகர்ந்து, கண்மூடி நின்று, பிறகு குடித்து, எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிச் சிரித்து. கடைசியாக இமிலை வந்தாள். சாவியை மேசைமேல் வைத்தாள். நெடுநேரம் முகர்ந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உமக்குத் தெரியாதா என்றாள். மூக்கைக் காட்டினேன். அப்போது சிரித்தாள் பாருங்கள், ஆடுகள் எல்லாம் கத்தின. சிரித்து முடித்து, சொன்னால் உப்புக்காரர் நம்பமாட்டார் என்று மட்டும் சொன்னாள். அடியில் ஒரு கோப்பை மிஞ்சியது. நான் குடித்தேன். கசந்தது. மூன்றாம் நாள் மூக்குத் திறந்தபோது குடத்தில் மண்டியும் ஈரமும்தான் இருந்தன.

உடன்படிக்கையின் நிபந்தனைகள்: ஏற்கப்பட்ட கையே ஆண்டுதோறும் மார்கழியில் புதுக்குடம் வைக்க வேண்டும், வைக்கும்வரை கணவாய் திறந்திருக்கும். மணம் நிற்கும்வரை சொல் நிற்கும். மணமோ சில திங்களுக்குமேல் நிற்பதில்லை. ஏழாண்டு என்றார் வேள். ஓராண்டு என்றேன். இவர்கள் பேரம் அறியாதார் ஆதலின், மேலாடைக்குள் கையை மறைத்து விரல் பிடித்து விலை பேசும் நம் சந்தை முறையை மன்னருக்குக் காட்டிக் கொடுத்தேன். நன்றாகவே பிடித்தார். மூன்று விரலில் முடிந்தது. நான்கு ஆண்டில் என் கையைப் பிடித்த முதல் மனிதர் அவர். ஆகவே சிறிது நீட்டித்தே பேசினேன் என்பதையும், இல்லையேல் இரண்டில் முடித்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் மூன்றாண்டு அடியேன் இங்கேயே இருப்பேன்.

தேவரீர் அந்தத் தேறலில் ஒரு குடம் அனுப்பக் கேட்டிருந்தீர். அனுப்பலாகாது. நாற்பது நாள் கழுதை முதுகில் குலுங்கி வெயிலில் வந்தால், வந்து சேர்வது கசப்பு மட்டும். சிறுமியாய் இருந்த நாளில் பல்லக்கை நிறுத்தி எங்கள் கடையில் ஏலக்காயைக் கசக்கி முகர்ந்துவிட்டு வாங்காமல் போவீர். முகர்ந்ததற்கு என்ன தருவீர் என்று என் தந்தை கேட்டதற்கு, வந்ததே போதாதா என்றீர். அன்று அவர் அதை இழப்பு என்று எண்ணினார். போதும் என்று இன்று எழுதுகிறேன். வந்தால் முகரலாம்.

இவ்வோலையைக் கொண்டு வருபவள் இமிலை. கதவு திறந்த ஐந்தாம் நாளான இன்று, ஆடுகளை மருத்துவச்சியிடம் ஒப்படைத்துவிட்டு, முதற்கூட்டத்தோடு தங்கையைக் காணக் கிளம்புகிறாள். வேலிக்கு அப்பால் இனி வேலிக்கு அப்பால் மட்டும் இருக்கும்.

தேவரீர் அளித்த மோதிரத்தின் அதிகாரத்தால் அடியேன் விடுக்கும் ஆணை, தேவரீர் உவந்து உறுதி செய்க. ஏனாதியாரின் வேல்கள் உறைக்குள் செல்க. முதற்பருவத்து உப்பு ஊசிக்கணவாய்க்கு ஏற்றப்படுக. இனி இம்மலை ஏறும் நம் நாட்டார் எவரும், தமக்கு வார்த்த கோப்பையை முகராமல் குடித்தலாகாது. இது மூன்று துறையிலும் முரசறைந்து சொல்லப்படுக. இமிலை என்பாளை மேலைத்துறைக் கயிற்றுத்தெருவில் அவள் தங்கையின் வாசல் வரை காவலோடு கொண்டுபோய் விடுக. மலையேற அவள் விரும்பும் நாளில் வழி மறிக்காதிருக்க. திரும்பி வா என்று ஆணையிடும் அதிகாரம் அந்த மோதிரத்துக்கு இல்லை, விசாரித்துப் பார்த்தேன்.

மெழுகின் மேல் மோதிரம் பதித்து, மெழுகின் கீழ்க் கைநாட்டு வைத்து, தைத் திங்கள் மூன்றாம் நாள், பனிக்குடுமி நாட்டு மேற்றெருவிலிருந்து, வெண்கோடன்.

அவைக் கணக்கர் பார்வைக்கு, மாலைகள் ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டுக்குரிய கணக்கு:

குடம் நான்கு. காய்ச்சலுக்குப் போனது ஒன்று, செருப்புக்குப் போனது ஒன்று, தெருவுக்குப் போனது ஒன்று, நின்றது ஒன்று.

நின்ற குடத்தில் கோப்பை நாற்பத்தெட்டு. முகர்வோர்க்கு நான்கு, வேளுக்கு ஒன்று, வந்தவர்க்கு நாற்பத்தொன்று, இமிலைக்கு ஒன்று, அடியேனுக்கு ஒன்று. ஆக நாற்பத்தெட்டு. நேர்.

அவற்றுள் முகரப்படாதது ஒன்று.

மேசைமேல் நிமிர்ந்திருப்பது, கழுவாமல், ஒன்று. நிலுவை.